நீல ரத்தத்தில் பிறந்த சோதனை

2004 டிசம்பர் 26 காலை எழுந்த அலை கூனிமேடு குப்பத்தையும் விட்டுவைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மரக்காணம் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர்தான் அது. கிழக்கே படகும் வலையும், வடக்கே போகப் போக உப்பளம். அன்றைக்குக் கடல் என்ன செய்தது என்று கேட்டால் இங்கே ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கொழும்பு மருத்துவமனைகளில் மூன்று தாய்மார் இறந்ததற்கும் அதே சுனாமிதான் சுற்றுவழியில் காரணமோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

நடந்தது இதுதான். 2005 ஜூன், ஜூலை மாதங்களில் கொழும்பில் சிசேரியனுக்காக முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பெண்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஐந்து பேரும் அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர்கள். குழந்தை பிறந்து சில நாட்களில் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு. பாக்டீரியாவுக்கான மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கிடைத்த குற்றவாளி ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ். ஈரச் சுவரிலும் மக்கிய வைக்கோலிலும் வாழும் சாதாரணப் பூஞ்சை. மூவரைக் காப்பாற்ற முடியவில்லை. உலகெங்கிலுமிருந்து வந்து குவிந்த சுனாமி நிவாரணப் பொருட்கள் வழக்கமான கிடங்குகளை அடைத்துக்கொள்ள, ஊசிக் குழல்கள் ஈரப்பதம் மிகுந்த வேறு இடத்தில் வைக்கப்பட்டன. பூஞ்சை அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும் என்பது இலங்கை மருத்துவர்களின் கணிப்பு. 2007இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை எழுதியபோது, சுனாமியின் பின்விளைவா என்று தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

முதுகெலும்புக்குள் பூஞ்சை போவதற்கு இப்படி நேரடியான வழி ஒன்று: ஊசி, அறுவை சிகிச்சை. இன்னொன்று ரத்தத்தின் வழி. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளி, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், ஐசியூவில் கழுத்து நரம்பில் குழாயோடு வாரக்கணக்கில் கிடந்தவர் ஆகியோரின் ரத்தத்தில் புகுந்த கேண்டிடா என்ற ஈஸ்ட், ஆள் தேறி வீட்டுக்குப் போய் மாதங்கள் கழித்துக்கூட முதுகெலும்பில் தலைகாட்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலிலிருந்து பக்கத்து எலும்புக்கே நகர்ந்துவிடுவதும் உண்டு. உடம்பில் இத்தனை எலும்பு இருந்தும், எலும்பைப் பிடிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் அதிகமாகப் போய் உட்காரும் இடம் முதுகெலும்புதான்.

சிக்கல் என்னவென்றால், இது தன்னை அறிவித்துக்கொள்ளாது. காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வலி மட்டும் இருக்கும். உப்பளத்தில் முட்டி நனைய நின்று, மரப்பலகையால் உப்பை இழுத்துக் குவித்து, கூடையில் அள்ளித் தலையில் சுமக்கிறவருக்கு இடுப்பு வலித்தால் அது ஒரு செய்தியா? "இன்னாண்ணே, இடுப்பு புடிச்சிக்கிச்சா?" என்பதோடு முடிந்துவிடும். மெடிக்கலில் ஒரு மாத்திரை, பிறகு ஒரு வலி ஊசி, பிறகு தைலம். ஸ்கேன் எடுக்கும் அளவுக்கு வந்துசேரும்போது இரண்டு முள்ளெலும்பும் நடுவிலிருக்கும் வட்டும் அரித்திருக்கும்.

அப்போதும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அதில் தப்பில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். முதுகெலும்புக் காசநோயை மருந்தாலேயே குணப்படுத்தலாம் என்று நிறுவிய ஆய்வுகளில் சென்னை சேத்துப்பட்டு மையத்துக்கும் பங்குண்டு. ஆனால் எம்ஆர்ஐ படத்தில் பூஞ்சை அரித்ததும் காசநோய் அரித்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். சதை எடுத்துப் பார்க்காமல் காசநோய் மருந்தைத் தொடங்கி, மூன்று மாதம் கழித்து வலி கூடியிருக்கிறதே என்று திரும்பிப் பார்ப்பதற்குள் தண்டுவடம் நெரிபட்டுக் கால் மரத்துப் போயிருக்கும். நம் நாட்டு மருத்துவ இதழ்களில் வெளியாகும் பூஞ்சை முதுகெலும்புக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் முதல் பத்தி.

எலும்பைத் தின்னும் பூஞ்சை நமக்குப் புதிதும் அல்ல. 1842இல் மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர் புழுதியில் வெறுங்காலோடு உழைப்பவர்களின் பாதம் வீங்கிப் புரையோடுவதைக் குறித்துவைத்தார். உலக மருத்துவம் இன்றைக்கும் அதை மதுரைப் பாதம் என்றே அழைக்கிறது. அங்கே கண்ணால் பார்க்கலாம். புண்ணிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் குருணை உதிரும். முதுகெலும்பில் எதுவும் உதிராது. ரத்தத்தை எடுத்து வளர்ப்பூடகத்தில் வைத்தாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பெரும்பாலும் முளைக்காது. உள்ளே பூஞ்சை இருக்கிறது, ஆனால் வெளியே அதற்கு அடையாளம் இல்லை. எங்கேயோ ஒளிந்திருக்கும் பூஞ்சையின் சிறு துணுக்காவது ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ மிதந்து வந்து தன்னைக் காட்டிக்கொடுக்குமா? காட்டிக்கொடுக்கும் என்று கண்டுபிடித்தது ஒரு நண்டு. நண்டு என்பதும் பேருக்குத்தான்.

குதிரைலாட நண்டு சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி. முதுகில் கவிழ்த்த லாடம், பின்னால் ஈட்டி வால். ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் கடலில் இருக்கும் வம்சம். இந்தியாவில் ஒடிசாவின் பாலசோர் கரையிலும் சுந்தரவனத்திலும் முட்டையிடக் கரையேறும். கூனிமேட்டு ஏலத்தில் விழும் நீலக்கால் நண்டு, புள்ளி நண்டு வரிசையில் அதைப் பார்க்க முடியாது. ரத்தத்தின் நிறம் மட்டும் இரண்டுக்கும் பொது. நண்டை உடைத்துக் கழுவும் பெண்கள் ஓட்டுக்கடியில் வழியும் நீர் கொஞ்ச நேரத்தில் லேசான நீலச் சாயல் பெறுவதைப் பார்த்திருப்பார்கள். அது ரத்தம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் தாமிரம் செய்கிறது. காற்றுப் பட்டால் நீலம்.

பிரடெரிக் பாங் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பின்னாளில் கல்கத்தாவில் அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய மருத்துவ ஆய்வு மையத்துக்குத் தலைமை தாங்கியவர். 1971 வங்கதேச அகதி முகாமில் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரால் காலராவை வென்ற திலீப் மகலனாபிஸ் வேலை பார்த்தது அந்த மையத்தில்தான். பாங் கோடைகாலத்தில் மாசச்சூசெட்ஸ் கரையிலுள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். அங்கே குதிரைலாட நண்டுகளுக்குக் கடல் பாக்டீரியாவை ஊசியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வகை பாக்டீரியா போட்டதும் நண்டின் ரத்தம் உடம்பு முழுக்க உறைந்து அது செத்தது. பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொன்றுவிட்டுப் போட்டார். அப்போதும் உறைந்தது. உயிருள்ள கிருமி தேவையில்லை, அதன் தோலில் உள்ள ஏதோ ஒன்றே போதும் என்பது தெரிந்தது. இதை 1956இல் வெளியிட்டார்.

அவருக்குப் பாக்டீரியா தெரியும், ரத்தம் உறைவது பற்றி அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஜாக் லெவின் என்ற இளம் ரத்தவியல் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் 1964இல் விஷயத்தை அவிழ்த்தார்கள். உறையவைக்கும் சரக்கு முழுவதும் நண்டின் ரத்த அணுக்களுக்குள் பொட்டலம் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது; பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் என்டோடாக்சின் பட்டால் பொட்டலம் அவிழ்கிறது. அணுக்களைத் தனியாகப் பிரித்து உடைத்தால் கிடைக்கும் சாறு, நண்டு இல்லாமலேயே அதே வேலையைச் செய்யும்.

அந்தச் சாற்றைக் கொண்டு செய்யும் சோதனையைவிட எளிமையான ஒன்றை மருத்துவ உலகில் தேடவேண்டும். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டு அளவு நண்டுச் சாறு, அதே அளவு சோதிக்க வேண்டிய மருந்து. 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு குழாயை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். உள்ளே இருப்பது தயிராக உறைந்து அடியிலேயே ஒட்டி நின்றால் மருந்தில் என்டோடாக்சின் இருக்கிறது, வழிந்துவிட்டால் இல்லை. அதுவரை ஊசி மருந்து தயாரிப்பவர்கள் முயலுக்கு அதைப் போட்டு, ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் வருகிறதா என்று மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். 1977 முதல் அமெரிக்க அரசு முயலுக்குப் பதில் நண்டுச் சாற்றை ஏற்றது. இன்றைக்கு நீங்கள் போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும், கையில் ஏறும் குளுக்கோஸ் பாட்டிலும், அதன் குழாயும் ஏதோ ஒரு குதிரைலாட நண்டுக்குக் கடன்பட்டவை. நண்டைப் பிடித்து, மடங்கும் மூட்டு வழியாக இதயப் பையில் ஊசி செருகி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரத்தத்தை வடித்துக்கொண்டு கடலில் விடுகிறார்கள். எல்லாம் பிழைப்பதில்லை.

இதுவரை பூஞ்சை என்ற பேச்சே இல்லை. அது ஒரு கோளாறாகத்தான் கதைக்குள் வருகிறது.

சாறு சில நேரம் உறையக் கூடாத இடத்தில் உறைந்தது. டயாலிசிஸ் வடிகட்டியைக் கழுவிய நீரில் என்டோடாக்சின் துளியும் இல்லை, ஆனாலும் உறைந்தது. அந்த வடிகட்டிகள் செல்லுலோஸில் செய்தவை. ஜப்பானில் புற்றுநோய்க்கு எதிராகச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியைப் போட்டாலும் உறைந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. நல்ல மருந்தையும் கெட்டது என்று சோதனை சொன்னால் மொத்தத் தொகுதியையும் கொட்ட வேண்டும். 1981இல் கியூஷு பல்கலைக்கழகத்தில் சதாகி இவானாகாவின் குழு விடை கண்டது: நண்டுச் சாற்றில் ஒன்றல்ல, இரண்டு கதவுகள் இருக்கின்றன. சி என்று பேரிட்ட காரணி என்டோடாக்சினுக்குத் திறக்கும். ஜி என்ற காரணி திறப்பது பீட்டா குளுக்கானுக்கு. எந்தக் கதவு திறந்தாலும் முடிவில் நடப்பது ஒன்றே, உறைதல். பாங் மறைந்ததும் அதே 1981இல்தான்.

பீட்டா குளுக்கான் பூஞ்சையின் சுவருக்குச் செங்கல். நம் உடம்பு அதைத் தயாரிப்பதே இல்லை. பாக்டீரியாவை மட்டுமல்ல, பூஞ்சையையும் அடையாளம் கண்டு காயத்தை அடைக்கத்தான் நண்டு இரண்டாவது கதவை வைத்திருக்கிறது. நாம் அதைச் சோதனையின் பிழை என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். ஜப்பானியர்கள் முதலில் முயன்றது ஜி காரணியைத் தூக்கியெறிவதற்கு. சாற்றைப் பிரித்து, ஜி இல்லாத சுத்தமான என்டோடாக்சின் சோதனையைச் செய்தார்கள். அதற்கும் பழைய சோதனைக்கும் நடுவில் விழும் வித்தியாசம் எதைக் காட்டுகிறது என்று ஜிச்சி மருத்துவக் கல்லூரியின் ஒபயாஷியும் சகாக்களும் யோசித்தார்கள். அந்த வித்தியாசம் நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும் பூஞ்சைச் சுவர். தூக்கியெறிந்த ஜி காரணியை எடுத்துத் தனிச் சோதனையாக்கினார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் காரணம் தெரியாத காய்ச்சல்காரர்களுக்கும் இது பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கிறது என்று 1995இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஜப்பானில் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் கேப் காட் கரையிலுள்ள நிறுவனம் ஒன்று ஃபங்கிடெல் என்ற பேரில் செய்த கிட்டுக்கு 2004இல் அனுமதி கிடைத்தது. சுனாமி வந்த ஆண்டு.

குழாயைக் கவிழ்ப்பதெல்லாம் இதில் இல்லை. உறைவதற்குப் பதில் மஞ்சள் நிறம் ஏறும்படி செய்திருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறது என்பதை இயந்திரம் 40 நிமிடம் படிக்கிறது. எடுத்துக்கொள்ளும் ரத்தநீர் 5 மைக்ரோலிட்டர், கொசு குடிக்கும் அளவு. ஒரு மில்லிலிட்டரில் 60 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் இல்லை, 80ஐத் தாண்டினால் உண்டு, நடுவில் இருந்தால் மறுபடி எடு. பிகோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடியால் வகுத்தது. இவ்வளவு நுணுக்கமே ஆய்வகக்காரர்களுக்குத் தொல்லை. பஞ்சு, காகிதம், மரத்தூசி எல்லாம் செடியின் சர்க்கரை. மேசையில் பஞ்சு இழை பறந்தாலே எண் எகிறும். நோயாளிக்கு அறுவையில் நிறைய காஸ் துணி வைத்திருந்தாலோ, இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தாலோ, பழைய வகை வடிகட்டியில் டயாலிசிஸ் நடந்திருந்தாலோ பூஞ்சை இல்லாமலேயே சோதனை "உண்டு" என்று சொல்லும். ஜப்பான் கிட்டில் 20 என்றாலே உண்டு. கடல் வேறு, நண்டு இனம் வேறு, அளவுகோல் வேறு.

இது முதுகெலும்புக்கு உதவுமா என்பதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு பெரும் அலட்சியத்தால்.

2012 செப்டம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல். தண்டுவட நீரில் ஆஸ்பெர்ஜில்லஸ். நோய் எதிர்ப்பு குறைந்தவர் அல்ல. ஏப்ரல் பெட்டிட் என்ற மருத்துவர் அவருடைய கதையைத் தோண்டிக் கேட்டதில், சில வாரம் முன்பு முதுகுவலிக்குத் தண்டுவட உறையைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தது தெரிந்தது. செப்டம்பர் 18 அன்று மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் பலி எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஃப்ராமிங்ஹாமில் மருந்து கலந்து விற்ற ஒரு கூடத்திலிருந்து போன மூன்று தொகுதி மெத்தில்பிரெட்னிசலோன் குப்பிகளில் பூஞ்சை மிதந்துகொண்டிருந்தது. 13,000 பேருக்கு மேல் அந்த ஊசியைப் போட்டிருந்தார்கள். 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டோருக்கு நோய். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 64 பேர் இறந்தார்கள். முதல் நோயாளிக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்றாலும், மற்ற பெரும்பாலோரிடம் கண்டது எக்செரோஹைலம் ராஸ்ட்ரேட்டம், புல்லில் வாழும் கரும்பழுப்புப் பூஞ்சை. அதற்கு முன் மனிதனின் தண்டுவடத்தில் அதை எதிர்பார்த்தவர் யாரும் இல்லை.

முதலில் மூளைக்காய்ச்சல்கள் வந்தன. அந்த அலை ஓய்ந்ததும் அடுத்தது கிளம்பியது: ஊசி போட்ட இடத்திலேயே சீழ்க்கட்டி, வட்டு அழற்சி, எலும்பு அரிப்பு. ஏற்கெனவே முதுகுவலிக்காரர்கள்; வலி கூடியிருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. மிச்சிகனில் ஒரு மருத்துவமனை, நோய் இருப்பதாகக் கண்டறியப்படாத 172 பேரைக் கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்தது. 36 பேரின் படத்தில் கோளாறு. அதாவது, சும்மா வீட்டில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு.

இங்கேதான் நண்டின் சாறு உதவிக்கு வந்தது. எக்செரோஹைலம் வளர்ப்பூடகத்தில் எளிதில் முளைக்கவில்லை; அதற்கென்று அவசரமாக உருவாக்கிய மரபணுச் சோதனையும் பலரிடம் தவறவிட்டது. ஆனால் தண்டுவட நீரில் பீட்டா குளுக்கான் இருந்தது. ரத்தத்துக்கென்று செய்த சோதனையைத் தண்டுவட நீரில் செய்து பார்த்த ஆய்வாளர்கள் 138 பிகோகிராமை வரம்பாக வைத்தால் நோயுள்ளவரையும் இல்லாதவரையும் நன்றாகவே பிரிக்க முடிகிறது என்று கண்டார்கள். மருந்து வேலை செய்தவர்களுக்கு எண் படிப்படியாக இறங்கியது. இறங்காமல் நின்றவர்களின் நிலைமை பொதுவாக நல்லதாக இல்லை. நோயைச் சொல்லும் சோதனை, மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதற்கும் துப்புக் கொடுத்தது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஊசி மருந்து சுத்தமா என்று தொழிற்சாலையில் பார்ப்பது இதே நண்டுச் சாறுதான். ஆனால் அங்கே குளுக்கான் குறுக்கிடக் கூடாது என்பதற்காக, ஜி கதவை அடைக்கும் பொருளை வேண்டுமென்றே கலந்துதான் சோதிப்பது வழக்கம். பூஞ்சையைக் காணும் கண்ணை மூடிவிட்டு மருந்தைப் பார்க்கிறோம். பூஞ்சை புகுந்த பிறகு அதே கண்ணைத் திறந்து நோயாளியைப் பார்க்கிறோம். தொழிற்சாலையைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்க வேறு சோதனை விதிகளில் இருக்கிறது; ஃப்ராமிங்ஹாமில் விதிகளே காற்றில் பறந்தன.

கூனிமேட்டிலிருந்து ஒருவர் காலாப்பட்டு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ ஆறாத முதுகுவலியோடு போனால் இந்தச் சோதனை அவருக்கு என்ன செய்யும்? துணைக்கு நிற்கும், தீர்ப்புச் சொல்லாது. எண் உயர்ந்திருந்தால் எங்கேயோ பூஞ்சை இருக்கிறது என்று அர்த்தம். எந்தப் பூஞ்சை, எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. எண் தாழ்ந்திருப்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. முள்ளெலும்புக்குள் அடங்கிக் கிடக்கும் நோய் ரத்தத்தில் போதுமான குளுக்கானைக் கசியவிடாமல் இருக்கலாம். 2021இல் கொரோனாவோடு வந்து கண்ணையும் தாடையையும் தின்ற கருப்புப் பூஞ்சையின் சுவரில் இந்தச் செங்கல் மிகக் குறைவு, கிரிப்டோகாக்கஸும் அப்படியே. அவற்றை நண்டுக்கு அடையாளம் தெரியாது.

ஆகவே கடைசியில் சதை எடுத்தே ஆக வேண்டும். குப்புறப் படுக்கவைத்து, சிடி ஸ்கேன் காட்டும் வழியில் முதுகுத் தோல் வழியாக ஊசியை எலும்புவரை இறக்கி ஒரு துணுக்கு எடுப்பார்கள். எடுத்த துணுக்கை இரண்டு பாட்டிலில் போட வேண்டும், ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் வெறும் சலைன். ஃபார்மலினில் போட்டது நுண்நோக்கிக்கு. வெள்ளிச் சாயம் ஏற்றினால் பூஞ்சை இழைகள் கறுப்பாகக் கிளை பிரிந்து தெரியும். சலைனில் போட்டது வளர்ப்பூடகத்துக்கும் காசநோய்ச் சோதனைக்கும். அவசரத்தில் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், எதுவும் முளைக்காது. வலியோடு படுத்தவர் மறுபடி படுக்க வேண்டும். என்னைக் கேட்டால், சோதனை நடக்கும் அறைக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் "ரெண்டு பாட்டில்லயும் போட்டீங்களா சார்?" என்று கேட்டுவிடலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பேர் தெரிந்துவிட்டால் மருந்து உண்டு. கேண்டிடா என்றால் ஃப்ளூகோனசோல், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. தொடக்கத்தில் கேஸ்போஃபன்ஜின் வகை ஊசி போடுவதும் வழக்கம். அந்த ஊசி தாக்குவதும் குளுக்கானைத்தான். புதுச் செங்கல் செய்யவிடாமல் சுவரைச் சரிக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் வோரிகோனசோல், குறைந்தது எட்டு வாரம், பலருக்கு ஆறு மாதத்துக்கு மேல். தண்டுவடம் நெரிபட்டிருந்தாலோ எலும்பு நொறுங்கியிருந்தாலோ அறுவை செய்து சுத்தப்படுத்தி கம்பி வைக்க வேண்டியிருக்கும். வோரிகோனசோல் எடுத்த சிலருக்குக் கண்முன் வெளிச்சப் பூக்கள் தெரியும். இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொல்பவர்களும் உண்டு. வெயில் பட்டால் தோல் சிவந்து வெந்துபோகும். உப்பளத்தில் மேலேயிருந்து வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து அதே வெயில் மறுபடி. மாத்திரை முடியும்வரை அந்த வேலைக்குத் திரும்ப முடியாது என்பதை முதல் நாளே சொல்லாத மருத்துவர் பாதி சிகிச்சைதான் செய்திருக்கிறார். ஆறு மாதக் கூலிக்கு என்ன வழி என்பதை எந்த மருத்துவ வழிகாட்டியும் எழுதவில்லை.

நண்டின் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங்கும் அவர் கணவர் ஹோ போவும் அந்த ஊர்ச் சேற்றுக்கரைக் குதிரைலாட நண்டிலிருந்து சி காரணியின் மரபணுவை எடுத்து, நண்டில்லாமலேயே ஆய்வகத்தில் அதைத் தயாரிக்க வழி கண்டார்கள். 2003இல் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்து விதிநூல் அதை 2021இல் ஏற்றது, அமெரிக்க விதிநூல் 2025இல். அதன் பெருமைகளில் ஒன்றாக விற்பவர்கள் சொல்வது, அதில் ஜி காரணி இல்லை, ஆகவே குளுக்கான் தொந்தரவும் இல்லை என்பது. மருந்துக் கம்பெனிகள் மெல்ல மெல்ல நண்டை விட்டுவிடக்கூடும். பூஞ்சைக்குப் பரவலாகப் புழங்கும் கிட்டுகளில் மட்டும் இன்னும் நண்டின் ரத்தமே இருக்கிறது. அமெரிக்கக் கிட்டுக்கு அட்லாண்டிக் நண்டு. ஆசியக் கிட்டுகள் சிலவற்றுக்கு ஆசியாவின் மூன்றுமுள் நண்டு. அந்த இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2019இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.